40 நாளில் 2 கிலோ: பிராய்லர் கோழி இவ்வளவு வேகமா வளர என்ன காரணம்? ஊசியா, இனமா, தீவனமா?

"பிராய்லர் கோழிக்கு ஊசி போட்டு வளர்க்குறாங்க, குழந்தைகளுக்குக் கொடுக்காதீங்க." இந்த ஃபார்வர்டு மெசேஜ் வராத ஃபேமிலி குரூப் தமிழ்நாட்டில் இருக்குமா என்பது சந்தேகம்தான். கேட்பவர்களின் சந்தேகத்திலும் ஒரு நியாயம் இருக்கிறது. வீட்டு வாசலில் மேயும் நாட்டுக்கோழி ஒன்றரைக் கிலோவைத் தொட ஐந்தாறு மாதம் ஆகிறது. பண்ணைக்கோழி மட்டும் எப்படி 40 நாளில் 2 கிலோவைத் தாண்டுகிறது?

சுருக்கமான பதில்: ஊசி காரணம் இல்லை. இனம், தீவனம், கொட்டகை ஆகிய மூன்றும் சேர்ந்துதான் இந்த வேகத்தைக் கொடுக்கின்றன. ஆனால் 'ஊசி இல்லையாம், அப்போ பிரச்சினையும் இல்லை' என்று இதை முடித்துவிட முடியாது. இந்த வேகத்துக்கு ஒரு விலை இருக்கிறது. அதைக் கோழியும் கொடுக்கிறது, வளர்க்கும் விவசாயியும் கொடுக்கிறார், சில நேரம் சாப்பிடுகிறவரும் கொடுக்கிறார். எப்படி என்று விரிவாகப் பார்க்கலாம்.

ஹார்மோன் ஊசி கதை எங்கிருந்து வந்தது?

இது முழுக்க முழுக்கக் கற்பனையில் பிறந்த கதை இல்லை. 1940களின் இறுதியில் அமெரிக்காவில் சேவல்களின் கழுத்துத் தோலுக்கு அடியில் 'டி.இ.எஸ்.' என்ற செயற்கை ஹார்மோன் வில்லையை வைத்தார்கள். கொழுப்பு கூடும், கறி மிருதுவாகும் என்பது நோக்கம். உடல்நலக் கேடு பற்றிய கவலை எழுந்ததும் 1959-ல் கோழிகளில் அதன் பயன்பாடு அங்கே நிறுத்தப்பட்டது. அதற்குப் பிறகு அமெரிக்காவில் கோழிக்கு ஹார்மோன் கொடுக்க அனுமதி இல்லை.

இன்றும் ஹார்மோன் பயன்படுத்தப்படும் இறைச்சி ஒன்று உண்டு. அது மாட்டிறைச்சி. அமெரிக்காவில் இறைச்சி மாடுகளின் காதுத் தோலுக்கு அடியில் சிறிய ஹார்மோன் வில்லை வைப்பது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட நடைமுறை. ஐரோப்பா இதை ஏற்கவில்லை. அப்படி வளர்த்த மாட்டிறைச்சியின் இறக்குமதிக்கு 1989-ல் தடை போட்டது. இந்தச் சண்டை உலக வர்த்தக அமைப்பு வரை போனது. அதனால் 'இறைச்சியில் ஹார்மோன்' என்று உலகச் செய்திகளில் வருவது பெரும்பாலும் மாட்டைப் பற்றியது.

சரி, யாராவது திருட்டுத்தனமாகக் கோழிக்குப் போட மாட்டார்களா? அங்கேதான் கணக்கு இடிக்கிறது. வளர்ச்சி ஹார்மோன் என்பது ஒரு புரதம். தீவனத்தில் கலந்தால் கோழியின் வயிற்றில் அது மற்ற புரதம் போலவே செரித்துவிடும். ஊசியாகத்தான் போட வேண்டும், அதுவும் திரும்பத் திரும்ப. ஒரு கொட்டகையில் 5,000 கோழி இருந்தால் ஒவ்வொன்றையும் பிடித்து ஊசி போட எத்தனை ஆள் வேண்டும்? பிடித்துப் பிடித்து விட்டால் கோழி பயந்து தீனி எடுக்காது, எடை குறையும். மருந்துச் செலவு கோழி விலையைத் தாண்டிவிடும். லாபத்துக்காகச் செய்யும் தொழிலில் நஷ்டத்தைத் தேடிப்போய் யாரும் வாங்க மாட்டார்கள்.

பண்ணையில் நிஜமாகவே போடப்படுவது தடுப்பூசி. வெள்ளைக்கழிச்சல் எனப்படும் ராணிக்கெட் நோய்க்கு, கம்போரோ நோய்க்கு என்று போடுவார்கள். பெரும்பாலும் கண்ணில் சொட்டு மருந்தாகவோ குடிதண்ணீரில் கலந்தோ கொடுப்பார்கள், சிலவற்றை ஊசியாகவும் போடுவார்கள். பார்ப்பவர்களுக்கு எல்லாமே 'ஊசி'தான்.

பெண் குழந்தைகள் சீக்கிரம் வயதுக்கு வருவதற்கும் பிராய்லர்தான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு. குழந்தைப் பருவ உடல் பருமனுக்கும் முன்கூட்டியே பூப்படைவதற்கும் தொடர்பு இருப்பது ஆய்வுகளில் தெரியவந்திருக்கிறது. கோழியில் ஹார்மோன் என்ற அடிப்படையே இல்லாதபோது, பழியைக் கோழி மேல் போட்டுவிட்டு எண்ணெயில் பொரித்த பண்டங்களையும் ஓடி ஆடாத வாழ்க்கையையும் மறந்துவிடுவதுதான் ஆபத்து.

முதல் காரணம்: இனம்

'கறிக்கோழி' என்று தனியாக ஒரு கோழி பிறந்த கதை அமெரிக்காவில் தொடங்குகிறது. இரண்டாம் உலகப் போர் முடிந்த சமயம். அதுவரை கோழிப் பண்ணை என்றால் முட்டைக்குத்தான். கறி உபரி வருமானம். அங்கிருந்த ஏ அண்ட் பி என்ற மளிகைக்கடை நிறுவனம், வேளாண் துறையோடு சேர்ந்து 'நாளைய கோழி' என்ற போட்டியை நடத்தியது. அகலமான நெஞ்சு, தடித்த தொடை, குறைந்த நாளில் அதிக எடை. இப்படி ஒரு கோழியை யார் உருவாக்குகிறார்கள் என்பதே போட்டி. 1948-ல் நடந்த தேசிய அளவிலான இறுதிப் போட்டியில் கலிஃபோர்னியாவின் சார்லஸ் வான்ட்ரெஸ் உருவாக்கிய கலப்பினம் வென்றது. அந்தப் பெயர் இன்றும் 'காப்-வான்ட்ரெஸ்' நிறுவனத்தின் பெயரில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உலகத்தின் பெரும்பாலான கறிக்கோழிகள் இந்த 'காப்' இனத்திலிருந்தோ, 'ராஸ்' என்ற இன்னொரு இனத்திலிருந்தோ வந்தவைதான்.

இந்த வேகம் இனத்தால் வந்ததா, தீவனத்தால் வந்ததா? இதற்கு வட கரோலினா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு நேர்த்தியான சோதனை செய்தார்கள். 2003-ல் முடிவு வெளியானது. 1957 காலத்துக் கோழி இனத்தை எந்தத் தேர்வும் செய்யாமல் அப்படியே பாதுகாத்து வைத்திருந்தார்கள். அதையும் 2001-ல் விற்பனையில் இருந்த ராஸ் கோழியையும் எடுத்துக்கொண்டார்கள். இரண்டு கோழிக்கும் 1957 காலத்துத் தீவனம், 2001 காலத்துத் தீவனம் இரண்டையும் தனித்தனியாகக் கொடுத்துப் பார்த்தார்கள். 42-வது நாளில் எடை இப்படி இருந்தது:

பழைய கோழி, பழைய தீவனம்: 539 கிராம்.
பழைய கோழி, புதிய தீவனம்: 578 கிராம்.
புதிய கோழி, பழைய தீவனம்: 2,126 கிராம்.
புதிய கோழி, புதிய தீவனம்: 2,672 கிராம்.

இந்த நாலு வரியைத் திரும்ப ஒருமுறை பாருங்கள். பழைய கோழிக்கு எவ்வளவு நல்ல தீவனம் போட்டாலும் 39 கிராம்தான் கூடியது. புதிய கோழி பழைய தீவனத்திலேயே 2 கிலோவைத் தாண்டியது. வளர்ச்சி வேகத்தில் 85 முதல் 90 சதவீதம் இனத்தின் பங்கு, மீதிதான் தீவனத்தின் பங்கு என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகம் 2014-ல் வெளியிட்ட இன்னொரு ஆய்வும் இதையே சொன்னது. ஒரே தீவனத்தில் 56 நாள் வளர்த்தபோது 1957-ம் ஆண்டு இனம் 905 கிராம், 1978-ம் ஆண்டு இனம் 1,808 கிராம், 2005-ம் ஆண்டு இனம் 4,202 கிராம்.

இதில் மந்திரம் ஒன்றும் இல்லை. ஒவ்வொரு தலைமுறையிலும் வேகமாக வளர்ந்ததை மட்டும் தேர்ந்தெடுத்து, அவற்றை மட்டும் இணை சேர்த்து, மீண்டும் தேர்ந்தெடுப்பது. நல்ல விதைநெல்லை எடுத்து வைக்கிற அதே வேலைதான். கோழிக்கு முட்டையிலிருந்து குஞ்சு வர 21 நாள் போதும். ஒரு தாய்க்கோழி தன் வாழ்நாளில் நூற்றுக்கும் மேல் குஞ்சு தரும். அதனால் தேர்வு வேலை வேகமாக நடந்தது.

ஆனால் இதில் ஒரு சிக்கல் ஒளிந்திருக்கிறது. பண்ணைக்கு வரும் குஞ்சு நாலைந்து தலைமுறைக் கலப்பின் கடைசிப் படி. அதை வளர்த்து முட்டையிட வைத்தால் அதே குணம் திரும்ப வராது. ஒவ்வொரு பேட்சுக்கும் குஞ்சை நிறுவனத்திடமே வாங்கியாக வேண்டும். இன்னொரு பக்கம், குஞ்சு கொடுக்கும் தாய்க்கோழிக்கும் இதே பசி உண்டு. விருப்பம்போல் தின்னவிட்டால் அளவுக்கு மீறிக் கொழுத்து முட்டையிடாமல் போய்விடும். அதனால் அதற்கு அளந்துதான் தீவனம் போடுகிறார்கள். பிள்ளை 40 நாள் முழுக்கத் தின்ன, தாய் அரைவயிற்றோடு வளர்கிறது. உடல் வளரும் வேகத்துக்குக் காலும் இதயமும் ஈடுகொடுக்காமல் போவதும் நடக்கிறது. சில கோழிகள் நிற்க முடியாமல் உட்கார்ந்துவிடும். சிலவற்றுக்கு வயிற்றில் நீர் கோத்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணம்: தீவனம்

ஓட்டப்பந்தய வீரனுக்குப் பழைய சோறு மட்டும் போட்டால் எப்படி ஓடுவான்? நல்ல இனத்துக்கும் அப்படித்தான். மேலே பார்த்த சோதனையில் புதிய கோழிக்குப் புதிய தீவனம் கொடுத்தபோது 546 கிராம் கூடியது. இனம் போட்டுக்கொடுத்த பாதையில் ஓட வைப்பது தீவனம்.

கறிக்கோழித் தீவனத்தில் பாதிக்கு மேல் மக்காச்சோளம். அடுத்தது சோயா புண்ணாக்கு. அதோடு எண்ணெய், தாது உப்பு, வைட்டமின், லைசின், மெத்தியோனின் போன்ற அமினோ அமிலங்கள். மக்காச்சோளம் சக்தி கொடுக்கும், சோயா புரதம் கொடுக்கும். வயதுக்கு ஏற்றபடி தீவனமும் மாறும். முதல் பத்து நாள் பிரீ-ஸ்டார்ட்டர், அப்புறம் ஸ்டார்ட்டர், கடைசியில் ஃபினிஷர். சின்னக் குஞ்சுக்குப் புரதம் 22, 23 சதவீதம் வரை வேண்டும். விற்பனை நெருங்க நெருங்க அது குறையும், சக்தி கூடும்.

இங்கேதான் பண்ணைக்காரர்கள் வாயில் எப்போதும் இருக்கும் ஒரு சொல் வருகிறது: எஃப்.சி.ஆர். ஒரு கிலோ எடை கூட எத்தனை கிலோ தீவனம் தேவைப்பட்டது என்பதன் கணக்கு அது. நன்றாக ஓடும் பேட்சில் இது 1.5-லிருந்து 1.7 வரை இருக்கும். கேட்க 0.1 வித்தியாசம் சின்னதாகத் தெரியும். ஒரு உதாரணக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 5,000 குஞ்சு விட்டு 5 சதவீதம் இறந்தால் மீதி 4,750. சராசரி 2 கிலோ என்றால் மொத்தம் 9,500 கிலோ. எஃப்.சி.ஆர். 1.6 என்றால் தீவனம் 15,200 கிலோ. 1.7 என்றால் 16,150 கிலோ. வித்தியாசம் 950 கிலோ. தீவனம் கிலோ 40 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரே பேட்சில் 38,000 ரூபாய்.

கோழி வளர்க்க ஆகும் செலவில் பெரும்பகுதி தீவனம்தான். அதனால் மக்காச்சோளம், சோயா விலை ஏறினால் கறிக்கடைப் பலகையில் விலை மாறும். 2021-ல் சோயா புண்ணாக்கு விலை எகிறியபோது, மரபணு மாற்றப்பட்ட சோயாவிலிருந்து எடுத்த 12 லட்சம் டன் புண்ணாக்கை இறக்குமதி செய்ய மத்திய அரசு அனுமதித்தது. அடுத்த சில ஆண்டுகளில் பெட்ரோலில் கலக்கும் எத்தனாலுக்கு மக்காச்சோளம் பெருமளவில் போகத் தொடங்கியது. வண்டிக்கும் கோழிக்கும் ஒரே தானியத்துக்குப் போட்டி.

மூன்றாவது காரணம்: கொட்டகை

நல்ல குஞ்சும் நல்ல தீவனமும் வந்துவிட்டது. இனி எல்லாம் தானாக நடக்குமா? இல்லை. முதல் வாரமே பாதிக் கதையை முடிவு செய்துவிடும்.

முட்டையிலிருந்து வந்த குஞ்சுக்குத் தன் உடம்புச் சூட்டைத் தானே காத்துக்கொள்ளத் தெரியாது. அதனால் முதல் சில நாள் 32-லிருந்து 34 டிகிரி செல்சியஸ் வரை சூடு கொடுக்க வேண்டும். இதற்குப் பெயர் புரூடிங். பிறகு வாரத்துக்கு இரண்டு மூன்று டிகிரி குறைத்துக்கொண்டே வருவார்கள். சூடு சரியாக இருக்கிறதா என்பதைக் குஞ்சுகளே சொல்லும். விளக்கடியில் குவிந்து கிடந்தால் குளிர். ஓரமாக ஒதுங்கி வாயைத் திறந்தால் சூடு அதிகம். பரவலாக இருந்தால் எல்லாம் சரி. சுமார் 40 கிராமில் வரும் குஞ்சு ஏழாம் நாள் நாலு மடங்குக்கு மேல் எடை வைக்க வேண்டும். வைக்கவில்லை என்றால் கடைசி வரை பின்தங்கியே இருக்கும்.

மூன்றாவது வாரத்துக்குப் பிறகு பிரச்சினை தலைகீழாக மாறும். கோழிக்கு வியர்வைச் சுரப்பி கிடையாது. வாயைத் திறந்து மூச்சிரைத்துத்தான் சூட்டைத் தணிக்கும். ஏப்ரல், மே வெயிலில் தீனி எடுப்பதைக் குறைக்கும், தண்ணீர் அதிகம் குடிக்கும். வளர்ச்சி நின்றுவிடும். வெப்ப அலை அடித்தால் விற்பனைக்குத் தயாரான பெரிய கோழிகள்தான் முதலில் சாகும். 35 நாள் போட்ட தீவனம் ஒரே மதியத்தில் வீணாகும்.

அதனால்தான் திறந்தவெளிக் கொட்டகையை கிழக்கு மேற்காக நீளவாக்கில் கட்டுகிறார்கள். காலை, மாலை வெயில் நேராக உள்ளே அடிக்காது. அகலத்தை 30 அடிக்குள் வைத்தால் காற்று ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும். கூரை மேல் தென்னை ஓலை பரப்புவது, தெளிப்பான் வைப்பது, உள்ளே ஃபாகர் ஓட்டுவது எல்லாம் கோடைக்கான ஏற்பாடு. மதிய வேளையில் தீவனத்தை நிறுத்திவிட்டு அதிகாலையிலும் இரவிலும் போடுவார்கள். செரிமானத்தில் பிறக்கும் சூடு வெயில் சூட்டோடு சேராமல் இருக்கத்தான் இந்த வேலை.

தரையும் முக்கியம். தென்னை நார்க்கழிவையோ நெல் உமியையோ பரப்பி அதன்மேல்தான் கோழி வளர்கிறது. அது ஈரமானால் எச்சத்திலிருந்து அம்மோனியா கிளம்பும். கொட்டகைக்குள் நுழைந்ததும் கண் எரிந்தால் கோழியின் நுரையீரல் ஏற்கெனவே பாதிக்கப்பட்டிருக்கும் என்று அர்த்தம். இடநெருக்கடி அதிகமானால் ஈரமும் நோயும் கூடும். திறந்த கொட்டகையில் ஒரு கோழிக்கு ஒரு சதுர அடிக்குக் குறையாமல் இடம் விடச் சொல்வது இதனால்தான்.

இப்போது பல இடங்களில் 'இ.சி. செட்' எனப்படும் குளிரூட்டப்பட்ட மூடிய கொட்டகைகள் வருகின்றன. ஒரு பக்கம் ஈரத் திரை, மறுபக்கம் பெரிய விசிறிகள். வெயில் காலத்திலும் வளர்ச்சி குறையாது, குறைந்த இடத்தில் அதிகக் கோழி வளர்க்கலாம். ஆனால் கட்டப் பல லட்சம் வேண்டும். கரன்ட் போய் ஜெனரேட்டரும் கைவிட்டால் சிறிது நேரத்திலேயே கொட்டகை முழுக்கச் சாவு விழும்.

அப்போ மாடு ஏன் இப்படி வளரவில்லை?

இதே மூன்று காரணங்களும் இறைச்சி மாட்டுக்கும் பொருந்தும். ஆனால் வேகம் கிட்டேகூட வராது. பசு சுமார் ஒன்பது மாதம் சுமந்து ஒரு கன்று போடும். அந்தக் கன்று வளர்ந்து, தான் ஒரு கன்று போட இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். கோழியில் ஒரு தலைமுறைத் தேர்வை முடிக்கிற காலத்தில் மாட்டில் தொடங்கவே முடியாது.

தீவனத்திலும் பெரிய வித்தியாசம். தானியம் போட்டு வளர்க்கும் மாடு ஒரு கிலோ எடை கூட 6 கிலோவுக்கு மேல் தீவனம் தின்னும். ஆனால் மாட்டிடம் கோழிக்கு இல்லாத ஒரு திறமை இருக்கிறது. அசை போடும் வயிறு. மனிதனும் கோழியும் செரிக்க முடியாத புல்லையும் வைக்கோலையும் அது இறைச்சியாக மாற்றும். அமெரிக்காவில் கன்றுகளைப் பல மாதம் மேய்ச்சலில் வளர்த்து, கடைசி சில மாதம் மட்டும் 'ஃபீட்லாட்' எனப்படும் பெரிய பட்டிகளில் அடைத்து மக்காச்சோளத் தீவனம் போடுகிறார்கள். அங்கே ஒரு மாடு நாளொன்றுக்கு ஒன்றரைக் கிலோ வரை எடை வைக்கும். தானியம் திடீரென்று அதிகமானால் வயிற்றில் அமிலம் கூடி மாடு படுத்துவிடும்.

வெயிலும் மாட்டை விட்டுவைப்பதில்லை. 2022 ஜூன் மாதம் அமெரிக்காவின் கேன்சஸ் மாநிலத்தில் வெப்பமும் ஈரப்பதமும் ஒன்றாகத் தாக்கியதில் பட்டிகளில் இருந்த ஆயிரக்கணக்கான மாடுகள் செத்தன. வெயில் தாங்கும் இனத்தைத் தேடிய பிரேசில், நம் பக்கம்தான் வந்தது. அங்கே இறைச்சிக்கு வளர்க்கப்படும் முக்கிய இனத்தின் பெயர் 'நெலோர்'. ஆந்திராவின் ஓங்கோல் மாட்டின் வாரிசு அது. நெல்லூர் என்ற ஊர்ப்பெயர்தான் அங்கே இனப்பெயராக மாறியது. இங்கே ஏர் உழவும் வண்டி இழுக்கவும் வளர்த்த மாட்டை, அவர்கள் பல தலைமுறை தேர்வு செய்து இறைச்சி மாடாக மாற்றினார்கள். எந்தக் குணத்தைத் தேர்ந்தெடுக்கிறோமோ அந்தக் குணம்தான் வளரும் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது.

மூன்றில் இரண்டு கம்பெனி கையில்... கூலி மட்டும்?

இப்போது பல்லடம், உடுமலை பக்கம் வரலாம். தமிழ்நாட்டில் கறிக்கோழியின் பெரும்பகுதி ஒப்பந்த முறையில் வளர்கிறது. நிறுவனம் குஞ்சு, தீவனம், மருந்து கொடுக்கும், மருத்துவரை அனுப்பும். விவசாயி கொட்டகை, தண்ணீர், மின்சாரம், நார்க்கழிவு, ஆள் உழைப்பு கொடுப்பார். கோழி நிறுவனத்தின் சொத்து. வளர்த்துக் கொடுத்ததும் கிலோவுக்கு இவ்வளவு என்று விவசாயிக்கு வளர்ப்புக் கூலி.

இந்த முறையில் விவசாயிக்கு ஒரு பாதுகாப்பு உண்டு. சந்தையில் கோழி விலை விழுந்தால் அந்த அடி நிறுவனத்துக்குத்தான். தீவனத்துக்கு முதலீடு தேட வேண்டியதில்லை. சொந்தமாக வளர்த்து நஷ்டப்பட்ட பலர் இதற்கு மாறியதன் காரணம் அதுதான்.

ஆனால் கூலி எப்படித் தீர்மானிக்கப்படுகிறது என்று பார்த்தால் ஒரு முரண் தெரியும். எஃப்.சி.ஆர்., சராசரி எடை, இறப்பு விகிதம் ஆகியவற்றை வைத்து ஊக்கத்தொகையும் பிடித்தமும் கணக்கிடப்படுகின்றன. மேலே பார்த்தபடி இந்த எண்களை முடிவு செய்வது இனம், தீவனம், கொட்டகை. இதில் முதல் இரண்டும் நிறுவனத்தின் கையில். மூன்றாவது மட்டுமே விவசாயி கையில். குஞ்சு தரமில்லாமல் வந்தாலோ தீவனத் தரம் இறங்கினாலோ எஃப்.சி.ஆர். ஏறும். 'கவனிப்பு சரியில்லை' என்று சொல்லிவிட்டால் விவசாயியால் மறுத்து நிரூபிக்க முடியாது. குஞ்சைத் தராசில் வைக்கலாம், அதன் பரம்பரையை எப்படி அளப்பது?

கொட்டகையில் வரும் செலவும் நின்றபாடில்லை. மின்கட்டணம், ஆள் கூலி, நார்க்கழிவு விலை எல்லாம் ஏறுகின்றன. கோடை நீள நீள ஃபாகர், விசிறி, கடைசியில் இ.சி. செட் என்று கடன் கூடுகிறது. கடையில் கறி விலை ஏறினாலும் வளர்ப்புக் கூலி அதோடு சேர்ந்து ஏறுவதில்லை. கூலியை உயர்த்தக் கேட்டு கொங்குப் பகுதி விவசாயிகள் திரும்பத் திரும்பப் போராட்டத்தில் இறங்குவதன் பின்னணி இதுதான். குஞ்சு, தீவனத்தின் தரத்தைப் பொதுவான ஒருவர் சோதித்துச் சொல்லும் ஏற்பாடு இருந்தால், தவறு எந்தப் பக்கம் என்பதாவது தெரியவரும்.

சாப்பிடுகிறவர் கேட்க வேண்டிய கேள்வி எது?

'ஹார்மோன் இருக்கா?' என்பது தவறான கேள்வி. 'ஆன்டிபயாடிக் எவ்வளவு, எதற்கு?' என்பதே சரியான கேள்வி.

குறைந்த அளவு ஆன்டிபயாடிக்கைத் தீவனத்தில் கலந்தால் கால்நடை சற்று வேகமாக வளர்கிறது என்பது 1940களின் இறுதியிலேயே அமெரிக்காவில் தெரியவந்தது. நெருக்கடியான, சுத்தம் குறைந்த கொட்டகைகளுக்கு இது ஒரு குறுக்குவழி ஆனது. அதன் விளைவு, மருந்துக்கு அடங்காத கிருமிகள். அவை பண்ணையோடு நிற்பதில்லை. எச்சம், தண்ணீர், பச்சைக் கறி வழியாக மனிதர்களிடமும் வரும். அப்போது ஆஸ்பத்திரியில் சாதாரணத் தொற்றுக்குக்கூட மருந்து வேலை செய்யாமல் போகும். வளர்ச்சிக்காக ஆன்டிபயாடிக் கலப்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2006-ல் முழுமையாகத் தடை செய்தது.

இந்தியாவில் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் 2014-ல் டெல்லி வட்டாரத்தில் 70 கோழிக்கறி மாதிரிகளைச் சோதித்தது. 40 சதவீத மாதிரிகளில் ஆன்டிபயாடிக் எச்சம் இருந்தது. மனிதர்களுக்குக் கடைசிக்கட்ட மருந்தாகப் பயன்படும் கோலிஸ்டினை கால்நடைகளுக்கும் கோழிகளுக்கும் பயன்படுத்த 2019 ஜூலையில் மத்திய அரசு தடை விதித்தது. நோய் வந்தால் மருந்து கொடுப்பது தவறில்லை. கொடுத்த பிறகு, எச்சம் உடம்பை விட்டு நீங்கும் நாள் வரை காத்திருந்துதான் விற்க வேண்டும். அதைக் கண்காணிப்பது அதிகாரிகளின் வேலை.

இங்கேயும் கொட்டகைதான் விடை. காற்றோட்டம், காய்ந்த தரை, போதிய இடம், சுத்தமான தண்ணீர், சரியான நேரத்தில் தடுப்பூசி இருந்தால் நோய் குறையும். நோய் குறைந்தால் மருந்துத் தேவையும் குறையும். ஆனால் அந்தக் கொட்டகைக்கு ஆகும் செலவை யார் தலையில் கட்டுகிறார்கள் என்று மேலேயே பார்த்தோம். கொட்டகைக்காரருக்குக் கட்டுப்படியாகும் கூலி கிடைப்பதும், தட்டில் வரும் கறி பாதுகாப்பாக இருப்பதும் வேறு வேறு விஷயங்கள் இல்லை.

நாட்டுக்கோழிக்கு மாறிவிடலாமா? ருசிக்காக வாங்கலாம். ஆனால் 'நாட்டுக்கோழி' என்று விற்கப்படுவதில் பண்ணையில் வளரும் கலப்பினங்களும் உண்டு. அங்கேயும் மருந்து பற்றிய கேள்வி அப்படியே இருக்கிறது. எந்தக் கோழியாக இருந்தாலும் பச்சைக் கறி வெட்டிய கத்தியையும் பலகையையும் காய்கறிக்குப் பயன்படுத்தும் முன் சோப்பு போட்டுக் கழுவுவது, கறியை முழுமையாக வேகவைப்பது ஆகிய இரண்டும் கிருமி பரவுவதைத் தடுக்கும். ஆன்டிபயாடிக் எச்சத்தை மட்டும் அடுப்பில் வேகவைத்து முழுசாகப் போக்கிவிட முடியாது. அதைப் பண்ணையிலேயே தடுத்தால்தான் உண்டு.